வண்டி ஏறாத சீட்டு

வேலந்தாவளம் செக்போஸ்ட்டில்
குறுக்குக்கம்பு வானத்தைப் பார்த்து நின்று எட்டு வருஷம்.
ஜிஎஸ்டி வந்த ராத்திரி தூக்கியது.
கயிறு இற்றுப்போய், மிச்சத்தைக் காக்கை கொண்டுபோனது.

எதிரே எங்கள் எடைமேடை.
தக்காளி, தேங்காய், எம்சாண்ட், கோழி,
கோழிக்குத் தீனி.
மொத்த எடை, வண்டி எடை, மிச்சம் சரக்கு,
கீழே பொன்னம்மிணி என்று
கொக்கி இழுத்த என் கையெழுத்து.

வயிறு கனத்தபோது வாயு என்று நினைத்து
சீரகம் கொதிக்கவைத்தேன்.
பாவாடை நாடா முடிச்சுக்கு எட்டாமல் போயிற்று.
வண்டி வராத ஒரு மத்தியானம்
மேடையில் ஏறி நின்றேன்.
திரையில் அறுபது.
கையும் முகமும் வற்றிக்கொண்டிருக்க, அறுபது.
லாரிக்குச் செய்த மெஷின்
என்னை ஐந்தைந்தாகத்தான் எண்ணும்.

திருச்சூரில் நாலரை லிட்டர் எடுத்தார்கள்.
வெல்லத்தண்ணி நிறம்.

டாக்டர் லிஸி என் பையிலிருந்த எடைச்சீட்டின் பின்புறம்
ஒரு வட்டம் வரைந்தாள், அதன்மேல் சின்னச் சின்னக் கொம்பு.
"இது செல். இது ஏற்பி.
வெளியேயிருந்து வளரு என்று ஒரு சேதி வந்து தொட்டால்தான்
உள்ளே உத்தரவு போகும். இல்லெங்கில் சும்மா இருக்கும்.
சேச்சிக்கு இந்தக் கொம்பின் மேல்பாதி இல்லை.
இனி தொட ஆள் வேண்டாம்.
எப்பவும் தொட்ட மாதிரியே.
மனசிலாயோ?"

ஆயிற்று.
அவளிடம் சொல்லவில்லை:
ஆறு மணிக்குக் கிளம்புமுன் தினமும்
ஐம்பது வெற்றுச்சீட்டில் கையெழுத்துப் போட்டுவைப்பேன்.
ராத்திரிப் பையன் ஷிஜு நம்பர் மட்டும் எழுதிக்கொள்வான்.
வண்டி மேடையில் ஏறியதா,
ரோட்டோரம் நின்று சீட்டை மட்டும் வாங்கிப் போனதா,
கையெழுத்துக்குத் தெரியாது.
நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பேன்.

"ரத்தத்தில் போகுமா?"
"அதுக்கு முன்னே வயிற்றில் தண்ணி உண்டல்லோ."

பெருவழி வேண்டாம் அதற்கு.
சூலகத்தின் தோலிலிருந்து உதிர்கிறது.
தனியாக மிதந்தால் செத்துப்போகுமாம்,
ஆகவே ஒன்றையொன்று கட்டிக்கொண்டு
தவளைமுட்டைக் கொத்துப்போலப் போகிறது.
குடல்மேல் போர்த்திய கொழுப்புத் துணியில் கரையேறுகிறது.
அங்கும் யாரும் வா என்று சொல்லவில்லை.
சீட்டு கையில் இருக்கிறது.

செக்போஸ்ட் இருந்த காலத்தில் ரேஷன் அரிசி
இப்படித்தான் போகும்.
தென்னந்தோப்பு, வாய்க்கால் வரப்பு, கோரையாற்று மணல்,
மொபட்டில் இரண்டிரண்டு மூட்டையாக.
விடியும்போது கொழிஞ்சாம்பாறையில்
ஒரு குடோன் நிறைந்திருக்கும்.
போலீஸ் மெயின் ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருக்கும்.

கொம்பின் தலையைப் பிடிக்கிற ஊசி ஒன்று உண்டாம்.
பிடிக்கத் தலை வேண்டுமே.
உள்ளே போய் அடைக்கிற மாத்திரை வேறே.
"நோக்காம்" என்றாள்.
மலையாளத்தில் அது, பார்க்கலாம்.
தமிழில் அந்தச் சொல்லுக்கு அடுத்த வீட்டில்
நோக்காடு குடியிருக்கிறது.

கடைசியாகக் கேட்டேன்,
எங்கேயிருந்து வந்தது இது, தண்ணியிலா, பூச்சி மருந்திலா?
"எவிடந்நும் வரவில்லை சேச்சி.
சேச்சியோடதுதான். கொஞ்சம் மாறிப்போயி."

மூன்றாவது கீமோவில் விரல்நுனி மரத்துவிட்டது.
பேனா இருக்கிறதா என்று
கண்ணால் பார்த்துத்தான் பிடிக்கிறேன்.
நாளை நாலாவது. வேலுக்குட்டி முதலாளி வந்து
ஒரு வாரத்துக்கு முந்நூறு போட்டுவையுங்கோ என்கிறார்.
இதுவரை ஒருநாள் சம்பளம் பிடித்ததில்லை அந்த மனுஷன்.

போட்டேன்.
நூறுக்கு மேல் கொக்கி இழுபடவில்லை.
இருநூறில் எழுத்தெல்லாம் கோட்டைவிட்டு இறங்கி
ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன.

ஷிஜு ஒரு சீட்டை டியூப்லைட்டில் பிடித்துப் பார்த்தான்.
"இது ஆருடெ ஒப்பு, அக்கா?"

என்னோடதுதான், என்றேன்.

வெளியே ஒரு தக்காளி லாரி
மேடையில் ஏறாமல் ஹாரன் அடித்தது.